ஒற்றைக்குரலிக்கு எதற்குப் பயம்?

அடேய் தனா, என் செல்லப் பேயே,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்திருக்கிறது. இதை விஜயா தட்டச்சு செய்து கேன்டீன் பலகையில் ஒட்டப் போகிறாள். இரும்பு மில்லில் எல்லாரும் படிப்பார்கள். நீயும் எங்காவது நின்று படித்தாலும் படிப்பாய், உன்னை நம்ப முடியாது.

முதலில் இங்கத்திய நடப்பைச் சொல்லிவிடுகிறேன். நீ கடைசியாக இறங்கிய அந்தப் பள்ளத்துக்கு மேலே இப்போது இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டு தொங்குகிறது. இரண்டு ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது என்று சிவப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். உன் இடத்துக்கு அரக்கோணத்திலிருந்து ஒரு ஃபிட்டர் வந்திருக்கிறான். நல்ல பையன்தான், ஆனால் நாள் முழுக்கச் சீட்டி அடிக்கிறான். விஜயாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை வீடு வேப்பம்பட்டு. அங்கிருந்து இரண்டு ரயில் மாறி கும்மிடிப்பூண்டிக்கு வந்து போக முடியாது என்று லேப் வேலையை விடப் போகிறாள். சுப்பாராவ் மட்டும் அப்படியேதான் இருக்கிறான். டெஸ்பாட்ச் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து லாரிக்காரர்களிடம் பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.

படிக்கிறவர்களுக்காக நம் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ பொறுத்துக்கொள். சென்னையில் ஏதோ பழைய புத்தகக் குவியலிலிருந்து ஒரு குண்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அதில்தான் எல்லாம் தொடங்கியது. வெள்ளைக்காரன் எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் அசிங்க அசிங்கமான ஜந்துக்களின் படம். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் பயணம் போகிறவர்கள். கதவைத் திறப்பதா, ஓடுவதா என்று அவர்கள் சொல்ல, நடப்பது என்ன என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை முடிவு செய்யும். இருபது முகப் பகடைக்கு நாம் எங்கே போவது? ஸ்டோர்ஸில் ஸ்பானர் வாங்குகிறவன் அடையாளமாகக் கொடுத்துவிட்டுப் போகிற பித்தளை வில்லைகள் என்னிடம் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். ஒன்றிலிருந்து இருபது வரை பழைய வில்லைகளை ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கினோம். ஸ்டோர்ஸ்காரனான என்னை நீ கூட்டு சேர்த்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

கரண்டுக்குத் திண்டாட்டமாகி ஆலைகளுக்கெல்லாம் வாரத்தில் ஒரு நாள் மின்விடுமுறை விடத் தொடங்கிய காலம். நமக்குப் புதன்கிழமை. உருளைகள் நின்றுவிடும், உலை ஆறிப்போகும், ரிப்பேர் வேலைக்காரர்களும் நம்மைப் போல நாலு பேரும் மட்டும் வருவோம். மற்ற நாளில் காதருகே வந்து கத்தினால்தான் கேட்கும். புதன்கிழமையில் கொட்டகையின் அந்தக் கோடியில் ஒரு நட்டு விழுந்தாலும் இந்தக் கோடியில் கேட்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய எடைமேடை அறையில் உட்கார்ந்து ஆடுவோம்.

முதல் நாளே நீ புத்தகத்தோடு சண்டைக்குப் போனாய். அதில் ஆர்க் என்று ஒரு இனம். கோரைப்பல், பச்சைத் தோல், பிறவியிலேயே கெட்டவர்கள், கண்டவுடன் வெட்டலாம் என்று போட்டிருந்தது.

"பொறக்கும்போதே கெட்டவன்னு எவன்டா சொன்னது?" என்று புத்தகத்தை மூடினாய். "அவன் ஊர்ல கோட்ட கீது, கோட்டைக்குள்ள பேய் கீது. நம்மூர்ல இன்னா கீது? கம்பெனிதான் கீது. அப்ப நம்ம ஜந்து கம்பெனிலதான் இருக்கணும்."

அப்புறம் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து மூன்று கேள்வி எழுதினாய். எங்கே தங்குகிறது, எதற்குப் பசி, எதற்குப் பயம். இந்த மூன்றும் தெரியாமல் எந்த ஜந்துவின் மேலும் கை வைக்கக் கூடாது. மூன்றாவது பதிலைக் கண்டுபிடிக்கிறவன்தான் ஜெயித்தவன், வெட்டுகிறவன் இல்லை. சட்டம் போட்டதும் நீதான்.

ஆர்க்கைத் தணலர் ஆக்கினாய். உலைச் செங்கல்லுக்குள் குடியிருப்பவர்கள். சூட்டைத் தின்று வாழ்பவர்கள். மின்விடுமுறை அன்று உலை ஆறியதும் பசியோடு வெளியே வந்து, தூங்குகிற ஆளின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். எழுந்து பார்த்தால் அந்தப் பக்கத்துக் கை மட்டும் சில்லென்று இருக்கும். அவர்களுக்கு என்ன பயம்? உலை ஒரு நாள் அணைந்து, திரும்ப யாருமே பற்ற வைக்காமல் போய்விடுவார்களோ என்று. நீ இதைச் சொன்ன மறுநாளிலிருந்து விஜயா மதியத்தில் மேஜையில் தலை சாய்ப்பதை விட்டுவிட்டாள்.

காப்ளின் என்கிற குட்டிப் பிசாசுகளைத் தகரக்குட்டிகள் ஆக்கினாய். நம் உலையில் உருக்க வெளிநாட்டிலிருந்து கட்டுக் கட்டாக நசுக்கி வருகிற பழைய கார்களுக்குள் ஒளிந்து, தாங்களும் நசுங்கி, ஒரு விரல்கடை கனத்தில் வந்து சேர்பவை. ஒவ்வொன்றும் அந்தக் காரில் இருந்தவர்களுடைய ஏதாவது ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும். இது யாருடையது என்று யாராவது கேட்க மாட்டார்களா என்பதுதான் அவற்றின் பசி. அடுத்த வாரம் ஒரு கட்டைப் பிரித்தபோது ஒரு குழந்தையின் ஒற்றை ஷூ வந்தது, கயிறு முடிச்சுப் போட்டபடி. நான் அதை ஸ்டோர்ஸ் அலமாரியில் வைத்தேன். யாருடையதோ என்று வாய்விட்டுக் கேட்டேன், கேட்டுவிட்டு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

ட்ரோல் இருக்கிறதே, பாலத்தடி பூதம், அது நம் எடைக்காரன் ஆயிற்று. எடைமேடைக்கு அடியில் இருக்கிறவன். இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்பது அவன் பசி, அதனால் போகிற லாரியில் எல்லாம் தொற்றிக்கொள்வான். லாரியின் எடை ஒரு ஆள் அளவு கூடிக் காட்டும். ஆனால் ஆந்திர எல்லையில் இருக்கிற எளாவூர் செக்போஸ்டைத் தாண்ட அவனுக்குப் பயம். அங்கே இறங்கி நடந்தே திரும்பி வந்துவிடுவான்.

"நைனா, நாளிக்கு அந்த மேட மேல நான்தான்பா நிக்கணும். கொஞ்சம் பாத்து எழுது" என்று சுப்பாராவ் கும்பிட்டான். மறுவாரம் ஒரு காலி லாரி எடை கூடிக் காட்டியபோது அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நீ எத்தனை நாள் சொல்லிச் சிரித்தாய்.

கடைசியாக எழுதியது ஒற்றைக்குரலி. புத்தகத்தில் அது முகம் மாற்றுகிற இனம், யாரைப் போல வேண்டுமானாலும் வந்து நிற்கும். "மூஞ்ச மாத்தறது இன்னா பெரிய வித்த" என்று நீ உதட்டைப் பிதுக்கினாய். அப்போது நான்தான் சொன்னேன். எங்கள் பழவேற்காட்டில் உச்சி வெயிலில் ஏரிக்கரைப் பக்கமிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் யாரும் உடனே பதில் கொடுக்க மாட்டார்கள். மனுஷன் என்றால் மறுபடி கூப்பிடுவான், மற்றது ஒரு தரம்தான் கூப்பிடும் என்பார்கள். உங்கள் பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலும் அப்படித்தான் என்று நீ துள்ளினாய். ஏரிக்கும் வயலுக்கும் ஒரே பேய் என்று விஜயா சிரித்தாள்.

எங்கே தங்குகிறது? எந்திரம் நின்றபின் வருகிற அமைதியில். எதற்குப் பசி? தன் குரலைக் கேட்டு எழுந்து வருகிற ஒரு ஆளுக்கு. மூன்றாவதுக்கு நீ பேனாவை மூடிவிட்டாய்.

"இது உன் ஜந்து மச்சி. எதுக்குப் பயம்னு நீதான் எழுதணும். எழுதற வரிக்கும் இது நம்மளோடதான் சுத்திகினு இருக்கும்."

அதோடு விட்டாயா? விளையாட்டை வேலைக்குள்ளேயும் கொண்டுவந்தாய். நம் நாலு பேரில் யாரை யார் கூப்பிட்டாலும் முதல் தரத்தில் திரும்பக் கூடாது. திரும்பினால் அன்று எல்லாருக்கும் பஜ்ஜி அவன் வாங்க வேண்டும். சுப்பாராவ் தினமும் தோற்றான். விஜயா மூன்று தரம், நீயே இரண்டு தரம். நான் ஒரு தரமும் தோற்கவில்லை. சூப்பர்வைசர் ஒரு நாள் தலையில் அடித்துக்கொண்டார், "உங்க நாலு பேத்துக்கும் ஒரே நாள்ல காது போச்சா? செம பேஜாருடா உங்களோட" என்று. எனக்கு அதில் ஒரே பெருமை.

தனா, இனிமேல் எழுதப் போவதை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை. இரும்புச் செதில் கலந்த தண்ணீர் வந்து தேங்குகிற பள்ளத்தில் பம்பு அடைத்துக்கொண்டது. நீ ஸ்டோர்ஸுக்கு வந்து வில்லையைக் கொடுத்து பைப் ரெஞ்ச் வாங்கிக்கொண்டு போனாய். "மத்தியானம் ஒற்றைக்குரலிய எறக்கறேன், பதில் ரெடியா?" என்று கேட்டாய். நான் உன்னைப் பார்க்காமலே கையை ஆட்டினேன். உன்னோடு வந்த ஃபிட்டர் டீ வாங்கப் போனான், நீ அவன் வருவதற்குள் இறங்கிவிட்டாய். பல நாள் மூடிக்கிடந்த பள்ளம், உள்ளே காற்று கெட்டுப்போயிருந்தது உனக்குத் தெரியாது.

ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் முப்பது அடி இருக்குமா? நான் போல்ட்டுகளை அளவு பார்த்துப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

"பஷீர்."

நீ கூப்பிட்டாய். சத்தமாக இல்லை. கடைசி எழுத்து முழுதாக வராமல், தண்ணீர்ப் பானைக்குள் பேசியது மாதிரி இருந்தது. அட, மதியத்துக்கு ஒத்திகை பார்க்கிறான், குரல் நன்றாக வந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். திரும்பவில்லை. சிரித்துக்கொண்டேன் என்றுகூட நினைக்கிறேன். இரண்டாவது தரம் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இவன் விட்டுக்கொடுத்துவிட்டான், இன்றைக்கும் நான்தான் ஜெயித்தேன் என்று அடுத்த பெட்டியை இழுத்தேன்.

அப்புறம் டீ வாங்கப் போனவன் திரும்பி வந்து கத்திய கத்தலில்தான் எழுந்து ஓடினேன். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் முன்னாடி தூக்கியிருந்தால் என்று ஆரம்பித்தார்கள், முடிக்கவில்லை. உன் வில்லை ஸ்டோர்ஸ் ஆணியில் மாலை வரை தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கழற்றவில்லை, வேறு யாரோ கழற்றினார்கள்.

உன் ஊரில் எல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் கிட்டக்க இருந்தியாம். கடைசியா யாரயாச்சும் கூப்டானாபா?" என்று கேட்டார். இல்லம்மா, தூக்கத்தில் போன மாதிரி போய்விட்டான் என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், "பஷீர்" என்று கேட்டது. அதே குரல். ஒரு தரம்.

மனசு செய்கிற வேலை என்று வைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த புதனும் கேட்டது. அதற்கு அடுத்த புதன் ஸ்டோர்ஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். சுப்பாராவ் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்து எதிரில் நின்றிருந்தான். நான் தலை குனிந்து கையெழுத்துப் போடுகிறேன், அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"இன்னாபா, உன்ன யாரோ கூப்டறாங்க, நீ பாட்டுக்கு ஒக்காந்துகினு கீற?"

தனா, என் பேனா அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டது. யார் கூப்பிட்டது என்று நான் அவனைக் கேட்கவில்லை. அவனும் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். அன்றிலிருந்து புதன்கிழமையானால் எனக்குக் காய்ச்சல் வரும், பல் வலிக்கும், உறவுக்காரர்கள் யாராவது ஊரில் சாவார்கள். எத்தனை லீவுக்கு எத்தனை பேரைக் கொன்றேன் என்று எனக்கே நினைவில்லை.

நாங்கள் ஆடுவதையும் விட்டுவிட்டோம். நோட்டு விஜயாவிடம் இருந்தது. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு வந்தாள். வேலையை விடுவதற்குள் இதை முடித்து நாலு நகல் போட வேண்டும், ஒன்று உன் அம்மாவுக்கு என்றாள்.

"எல்லா பக்கமும் எழுதியாச்சுண்ணா. உங்க ஜந்து ஒண்ணுதான் பாக்கி. எதுக்குப் பயம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

வெளிச்சத்துக்குப் பயம் என்று எழுதினேன், அடித்தேன். கூட்டத்துக்குப் பயம் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அவள் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணு புரியவே இல்லண்ணா. அதுக்கு ஆள் வரணும்னு தானே பசி? ரெண்டு தபா கூப்ட்டா வந்துடப் போறாங்க. அப்றம் ஏன் ஒரே ஒரு தபா கூப்டுது?"

"ரெண்டாவது தபா கூப்ட மூச்சு இல்ல" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. வந்தபிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவள் பயந்துபோய் என்னண்ணா என்னண்ணா என்கிறாள். அவளிடம்தான் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் தேற்றுவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, அவள் தேற்றவில்லை.

"சட்டம் நாலு பேரும் சேந்து போட்டது" என்றாள். "ஆனா கேட்டது நீங்க. அவங்க அம்மாகிட்ட போய் சொல்லிடுங்க."

நோட்டில் அவள் எதிரிலேயே எழுதினேன்: இரண்டாம் தரம் கூப்பிட மூச்சிருக்காது என்று அதற்குத் தெரியும். முதல் தரத்திலேயே யாரும் வராமல் போய்விடுவார்களோ என்றுதான் பயம்.

இத்தனை தலைமுறையாக ஏரிக்கரையிலும் வயலிலும் ஒரு தரம் மட்டும் கூப்பிட்டவர்கள் எல்லாம் யார் தனா? அவர்களையெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டு நாம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோமா? உன்னிடம் கேட்டால் நீ என்ன சொல்வாய்?

போன ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்குப் போனேன். திருத்தணியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். உன் அம்மா வாசலில் நெல்லைக் காய வைத்துக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சாப்பாடு ஆயிற்றா, கல்யாணம் எப்போது என்று வழக்கமான கேள்விகள். நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று பயம். விளையாட்டு, சட்டம், போல்ட்டுப் பெட்டி, நான் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நெல்லைத் தள்ளுவதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை.

"எப்டி கூப்டான்?"

"என் பேரச் சொல்லிம்மா."

"அது தெரிது. எப்டி கூப்டான்னு கேக்கறேன். அதே மாதிரி கூப்டு."

முடியாது என்றேன். அழுதேன். அவர் அசையவில்லை, கூப்டு என்றார் மறுபடி. நான் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன். சத்தமில்லாமல், கடைசி எழுத்து முழுதாக வராமல். என் பேரை நானே. என் வாயிலிருந்து வந்தது என் குரல் இல்லை தனா. சத்தியமாக இல்லை.

"தோ வந்துட்டேன் நைனா" என்றார் உன் அம்மா.

சொல்லிவிட்டு, காயும் நெல்லை மிதித்துக்கொண்டே விடுவிடுவென்று நடந்தார். என்னைத் தாண்டி, வீட்டைச் சுற்றி, கொல்லைக் கிணற்றடிக்கு. அந்த வயசில் அவ்வளவு வேகமாக ஒருவர் நடந்து நான் பார்த்ததில்லை. நான் வீட்டு மூலை வரை பின்னால் போனபோது, கிணற்றுக்குள் குனிந்து பார்த்தபடி நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது, என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. போய்ப் பிடிப்பதா, விடுவதா என்று தெரியாமல் அந்த மூலையிலேயே நின்றேன். காற்றே இல்லாத நேரத்தில் கிணற்றுக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. யார் கையாவது பட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "ஒரு வருசமா இத வவுத்துக்குள்ள வெச்சிகினு எப்பிடிடா சோறு துன்ன?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்புறம் உள்ளே போய் எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

தனா, வருகிற புதன்கிழமை மின்விடுமுறை. லீவு சொல்லவில்லை. உறவுக்காரர்கள் யாரையும் கொல்லவில்லை. ஸ்டோர்ஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிடுவாயோ, உன் அம்மா வந்ததோடு உனக்குப் போதுமோ, தெரியாது. கூப்பிட்டால் ஒரு தரம் போதும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வருவேன். கூப்பிட்டது நீயா, நாம் எழுதிய ஜந்துவா என்று நின்று பார்க்க மாட்டேன்.

முப்பது அடி தாமதமாக வருகிற உன் மச்சான்,
பஷீர்